தேங்க்ஸ் சொல்லிப் பழகிய ஆவுடையப்பன்

ஆவுடையப்பனுக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு முப்பத்துச் சொச்சம். சிரிக்க வேண்டாம், அப்படித்தான் அமைந்தது.

குற்றால மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு சின்ன மடம். பெரியவர் ஒருவர் அதை நடத்திவந்தார். அவர் போகிற நேரத்தில், தாடி வைத்த சீடர்களை எல்லாம் விட்டுவிட்டு, கதவோரம் நின்ற இசக்கியம்மையைக் குருவாகக் கைகாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். தாடி வைத்தவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் வேறு மடம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆவுடையப்பன் போகவில்லை.

அவர் தென்காசியில் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஞாயிறு தவறாமல் மடத்துக்கு வருவார். கஞ்சி குடிப்பார், பாத்திரம் தேய்ப்பார், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் குருவை 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் அதில் குழப்பம். அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

ஆவுடையப்பனுக்குக் குழப்பம் வந்தது நார்வேயிலிருந்து.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் காற்றாலையைப் பற்றி மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. பள்ளியிலும் நீண்ட விடுப்புக்குச் சரி சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இவர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி. சின்ன வயசிலிருந்து கண்ட கனவு. இந்த வயசில் அந்தக் கதவு திறந்ததே பெரிசு, இன்னொரு தடவை திறக்காது. அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு பழைய பயம். காலேஜ் முடித்த கையோடு மேல்படிப்புக்கென்று டெல்லிக்குப் போனவர் அவர். தீபாவளிக்குள் பெட்டியோடு வந்து நின்றுவிட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொன்னார். ஊர் நம்பியது. சொன்னவர் நம்பவில்லை. டெல்லிக்கே அந்தக் கதி என்றால் நார்வேயில் என்ன ஆகும்? போய்ப் பாதியில் திரும்பி வந்தால் தென்காசியில் எந்தத் தெருவில் நடப்பது?

அதனால் இந்தத் தடவை தயாராகித்தான் போவது என்று முடிவு கட்டினார். தயாரானார் என்றால் அப்படித் தயாரானார்! உப்புமாவைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் தின்றார். பனியில் நடக்கிற பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நடந்தார். காலெல்லாம் கொப்புளம். மனைவி வடிவு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். அப்போதெல்லாம் வீட்டில் சிரிப்புதான்.

சிரிப்பு நின்றது வேறொரு விஷயத்தில்.

ஒரு நாள் சாயங்காலம், நார்வேயின் பேராசிரியை இங்ரித் கம்ப்யூட்டர் திரையில் வந்தார். ஆவுடையப்பனின் ஆராய்ச்சித் திட்டத்தை வரிவரியாகப் படித்து, எங்கே ஓட்டை இருக்கிறது, எதை வைத்து அடைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். தன் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் நம்ம ஆட்களுக்குப் பேச்சு எங்கே வரும்? தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஆட்டினார். 'ஓகே மேடம்' என்றார். திரை அணைந்தது.

மறுநாள் செண்பகராஜ் போன் பண்ணினான். கடையநல்லூர்க்காரன், அதே பேராசிரியையிடம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவன்.

"சார், மேடம் ஒரு மாதிரி இருக்காங்க. 'நான் அவரை ஏதும் புண்படுத்திட்டனா?'ன்னு எங்கிட்ட கேட்டாங்க."

"ஐயையோ, ஏன்?"

"நீங்க ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லலையாமே."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் வாசலில் செருப்புக் காலோடு நின்றுவிட்ட மாதிரி கூசிப்போனார். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பக்கம் நிறைய நன்றி எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். உடனே பதில் வந்தது. உங்கள் நன்றிக்கு நன்றி என்று எழுதியிருந்தார் இங்ரித். இப்போது இதற்கு என்ன சொல்ல வேண்டும்? நன்றியின் நன்றிக்கு ஒரு நன்றியா, அல்லது இதோடு நிறுத்திக்கொள்ளலாமா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

காலையில் எழுந்தபோது ஒரு முடிவோடு எழுந்தார். இது நாக்குப் பழக்கம். பழகினால் வரும், பழகாவிட்டால் வராது. இங்கேயே பழகிவிட வேண்டியதுதான்.

வடிவு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"தேங்க்ஸ் வடிவு."

வடிவு மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் கத்துகிறவர்களையே பார்த்துப் பழகியவள். புருஷன் வாயிலிருந்து இதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "என்ன, துரைக்கு இன்னைக்குக் குளிர் ஆரம்பிச்சிட்டோ?"

துண்டு எடுத்துக் கொடுத்தாள். தேங்க்ஸ். குடையை ஞாபகப்படுத்தினாள். தேங்க்ஸ். ரசத்தை ஊற்றினாள். தேங்க்ஸ். நாலாவது நாள் வடிவு சிரிக்கவில்லை.

வீட்டில் வடிவின் அம்மாவும் இருந்தார். செய்தித்தாளை மடித்து மருமகனிடம் நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் எதற்கு என்று, "ரொம்ப நன்றி அத்தை" என்று சுத்தத் தமிழிலேயே சொன்னார் ஆவுடையப்பன். அத்தை முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே போய் மகளிடம் குசுகுசுத்தார்.

"ஏட்டி, மருமகனுக்கு நான் ஏதும் குறை வெச்சிட்டனா?"

"ஏம்மா?"

"மேடையில பேசுத மாதிரி நன்றிங்காரு. கோவமா இருந்தா நேரா சொல்லச் சொல்லு. நான் வேணும்னா தம்பி வீட்டுக்குப் போயிருதேன்."

வழக்கமான டீக்கடையில் டம்ளரை வைத்துவிட்டுத் தேங்க்ஸ் சொன்னார். கடைக்காரர் மாஸ்டர் போடுகிற டீயையே நிறுத்தச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன சார், எந்த ஊருக்கு மாத்தல்?"

இதெல்லாம் கூடப் போகட்டும். பூட்ஸ் போட்டு வெயிலில் நடந்த வினையோ என்னவோ, ஒரு நாள் ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. வடிவு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். மத்தியானம் ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டாள். அவர் அரைக்கண்ணைத் திறந்தார்.

"தேங்க்ஸ்."

வடிவின் கை அப்படியே நின்றது.

"நான் என்ன நர்ஸா?"

"இல்ல வடிவு, நான் பழகுதேன்."

"எதைப் பழகுதிய? எங்களை விட்டுப் போறதையா?"

"அப்படி இல்ல, அங்க எல்லாரும்..."

"அங்க என்னவும் இருக்கட்டும். இங்க இருக்கும்போதே விருந்தாளி மாதிரி ஆயிட்டிய. அங்க போயிட்டு வந்தா என்னை யாருன்னு கேப்பிய." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "நீங்க போக வேண்டாம். எனக்குச் சம்மதம் இல்லை."

வடிவு சம்மதிக்காமல் அவர் ஒரு சட்டைத்துணி கூட எடுத்ததில்லை. இதில் எப்படிப் போவார்? மாசக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டது, தலைச்சுற்றல் விடவில்லை. சொல்லாததற்கு ஒரு பெண்மணி வருத்தப்பட்டார். சொன்னதற்கு இன்னொருத்தி அழுகிறாள். அவருக்கு மேலும் புரியவில்லை, கீழும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குப் போனார்.

இசக்கியம்மை அடுப்படியில் இருந்தார். ஆவுடையப்பன் நிலைப்படியிலேயே நின்று கேட்டார்.

"அம்மா, போற எடத்துல அந்நியனா நிக்காம இருக்கணும். அதுக்கு இங்க இருந்தே எதைப் பழகிக்கிடணும்?"

"கஞ்சி ஆறுது. மொதல்ல குடிங்க அண்ணாச்சி."

கஞ்சியும், கொள்ளை வறுத்து அரைத்த காணத்துவையலும். குடித்து முடித்தார். பழகிய நாக்கு சும்மா இருக்குமா? குருவைப் பார்த்து, "தேங்க்ஸ்மா" என்றது.

இசக்கியம்மை அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே போய், பெரிய மனுஷர்கள் வந்தால் போடுகிற மர நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"உக்காருங்க."

"எனக்கு எதுக்கும்மா நாற்காலி? பாத்திரத்தைத் தேய்ச்சிட்டு..."

"ஐயோ, நீங்க எதுக்கு? உக்காருங்க, உக்காருங்க."

சொல்லிக்கொண்டே அவர் குடித்த வட்டிலை எடுத்துப்போய்க் கழுவினார். குரு சீடனின் எச்சில் வட்டிலைக் கழுவுகிறார்! ஆவுடையப்பன் பதறி எழுந்தார். இசக்கியம்மை கையமர்த்தினார். வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. மழை எப்படி, ஸ்கூல் எப்படி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பு நடந்தது. போகும்போது வாசல் வரைக்கும் வந்து, "அடுத்த தடவை வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று கைகூப்பினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தார். கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை. சரி, அம்மாவுக்கு ஏதோ வேலை நெருக்கடி என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் நாற்காலி. அதே உபசாரம். இந்தத் தடவை விசிறி வேறு. தோப்பில் அவருடைய தென்னைகளுக்கு வேறு யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்தவர்களில் மிச்சமிருந்த ஒருவர் அவரைப் பார்த்து, வெளியூர்க்காரரிடம் காட்டுகிற மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டார். அதைத் தாங்க முடியவில்லை அவரால். எத்தனையோ வருஷமாக வந்துபோகிற இடம். பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனபோது தோள் கொடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பா? யாரு சொன்னா?"

"பெறவு ஏன் என்னை நாற்காலியில உக்கார வெச்சிருக்கிய?"

"வந்தவங்களை உக்கார வைக்கணும்லா."

"நான் வந்தவனா?"

"தேங்க்ஸ் சொன்னியளே."

ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார், "அது வாய் தவறி வந்துட்டும்மா."

"தவறலை அண்ணாச்சி. நல்லாவே பழகியிருக்கு."

அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் கொட்டினார். இங்ரித், செண்பகராஜ், நன்றிக்கு வந்த நன்றி, அத்தையின் குசுகுசுப்பு, ஈரத்துணி, வடிவு அழுதது, எல்லாம். இசக்கியம்மை குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி போட்டார்.

"அந்த மேடம் செண்பகராஜ்கிட்ட என்ன கேட்டாங்க?"

"நான் அவரைப் புண்படுத்திட்டனான்னு."

"உங்க அத்தை வடிவுகிட்ட?"

"மருமகனுக்கு நான் குறை வெச்சிட்டனான்னு."

"இப்ப நீங்க எங்கிட்ட என்ன கேட்டிய?"

ஆவுடையப்பன் யோசித்தார். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு."

"மேடம் நீங்க சொல்லாததுக்குக் கேட்டாங்க. அத்தை சொன்னதுக்குக் கேட்டாங்க. நீங்க நாற்காலிக்குக் கேட்டிய."

"ஆமா."

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? அப்ப தேங்க்ஸ் சொல்லணுமா, சொல்லக்கூடாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் செங்கோட்டை தாண்டுனது இல்ல." இசக்கியம்மை எழுந்தார். "பாத்திரம் கெடக்கு. தேய்ச்சிட்டுப் போங்க."

ஆவுடையப்பன் பாய்ந்து போய்த் தேய்த்தார். ஒரு கரி விடாமல் தேய்த்தார். கை வேலையில் மனசு குளிர்ந்தது, ஆனால் மண்டைக்குள் இருந்த சிக்கல் அப்படியே இருந்தது. இன்னும் சொல்லப்போனால் முந்தியை விட இறுகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தேங்க்ஸ் சொல்வதை நிறுத்தினார். நிறுத்தினால் சரியாகிவிடும் என்றுதானே நாமும் நினைப்போம்? ஆகவில்லை. முன்பெல்லாம் அவர் சொல்லாமல் இருந்ததே அவருக்குத் தெரியாது. இப்போது சொல்லாமல் இருப்பது தெரிந்தது. வடிவு துண்டு கொடுத்தால் துண்டையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சோறு போட்டால் வாயைத் திறந்து மூடினார். வடிவும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரில் காப்பி. குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இப்பல்லாம் ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"சொன்னா கோவிக்க."

"சொல்லாம இப்படிக் காப்பியவே மொறைச்சிக்கிட்டிருந்தா? அதுல நான் என்ன விஷமா கலந்திருக்கேன்?"

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமே புரியல வடிவு. முந்தி நீ காப்பி குடுப்ப, நான் குடிப்பேன். இப்ப குடிச்சிட்டுச் சொல்லவா, சொல்லிட்டுக் குடிக்கவா, சொல்லாமக் குடிக்கவா, குடிக்காமலே எந்திரிச்சிப் போயிரவான்னு ஆயிப்போச்சு. பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கு."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் எதுக்கு? யாரு உங்களைப் பழகச் சொன்னா?"

"பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"டெல்லி மாதிரி ஆயிருமோன்னு. மூணு வருஷம் நிக்க முடியாம ஓடி வந்துருவேனோன்னு. அதான் எல்லாத்தையும் இங்கயே பழகிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

"அதுக்கு எங்களை வெச்சா பழகணும்?"

"வேற யாரு இருக்கா எனக்கு, வெச்சுப் பழக?"

கீரை உருவுகிற கை நின்றது. வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீரையில் விழுந்தது. அவளுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதை மொதல்லயே வாயைத் தெறந்து சொன்னா என்னவாம்? நான் என்னெல்லாம் நெனச்சிட்டேன் தெரியுமா? மனசு விட்டுப்போச்சு, இனி இந்த மனுஷன் நமக்கு இல்லன்னு நெனச்சேன். அம்மா வேற துணிமணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிட்டா."

"அத்தைகிட்ட நான் சொல்லுதேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்! நீங்க சொன்ன வரைக்கும் போதும். நான் பாத்துக்கிடுதேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போயிட்டு வாங்க. பதில் எழுதிப் போடுங்க, வாரேன்னு. ஆனா பாதியில வந்து நின்னிய, வாசப்படி ஏற விடமாட்டேன்."

ஆவுடையப்பனுக்குப் பழகிய நாக்கு முந்திக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தார்.

"சொன்னிய, பாத்துக்கிடுங்க!" முருங்கைக் குச்சியை ஓங்கினாள் வடிவு.

அவர் வாயை மூடிக்கொண்டு காப்பியை எடுத்துக் குடித்தார். ஜில்லென்று இருந்தது.

"ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டா."

"ஆமா, உங்களுக்குப் போட்டுக் குடுத்துட்டே இருக்கணும்." எழுந்து போனாள். அடுப்படியில் அவள் அம்மாவிடம் ஏதோ சொல்வதும் இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

வருகிறேன் என்று அன்றைக்கே நார்வேக்குப் பதில் எழுதினார். விசா வந்தது. டிக்கெட் வந்தது. பெட்டியில் வடிவு பருப்புப்பொடியும் பூட்ஸும் அடுக்கினாள். எல்லாம் ஆயிற்று, குழப்பம் மட்டும் தீரவில்லை. புறப்படுகிற வாரம் மடத்துக்குப் போனார்.

இசக்கியம்மை தோப்பில் விழுந்த மட்டைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். நாற்காலி ஏதும் வரவில்லை. ஆவுடையப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மட்டையை இழுத்தார்.

"வடிவு சரின்னுட்டாம்மா."

"போன் பண்ணுனா. சொன்னா."

"ஆனா எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் பிடிபடலை."

"என்ன பிடிபடலை?"

"இது ஒரு தேங்க்ஸு. இதுக்கே இத்தனை பாடு. அங்க போனா இந்த மாதிரி இன்னும் எத்தனை கெடக்கோ? எங்க சிரிக்கணும், எங்க சும்மா இருக்கணும், யாரை எப்படிக் கூப்பிடணும், ஒண்ணும் தெரியாது. நான் பாட்டுக்கு ஒண்ணைச் செய்வேன். அது யாருக்காவது சுருக்குன்னு தைக்கும். தைச்சது எனக்குத் தெரியவும் செய்யாது."

"ஆமா."

"ஆமான்னா எப்படிம்மா? அதுக்கு முன்னாடியே நான் ஏதாவது..."

"கல்யாணத்துக்கு முன்னாடி எதைப் பழகிட்டுப் போனிய?"

ஆவுடையப்பன் மட்டையைக் கீழே போட்டார். "என்னத்தைப் பழகுனேன்! அவங்க தூத்துக்குடி, நாங்க இந்தப் பக்கம். மறுவீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, வட்டில்லயே கையைக் கழுவிட்டேன். எங்க வீட்டுல அதான் வழக்கம். அங்க அது பெரிய குத்தம். எனக்கு எங்க தெரியும்?"

"பெறவு எப்படித் தெரிஞ்சது?"

"வடிவு ராத்திரி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டா. கேட்டா ஒண்ணுமில்லைங்கா. பெறவு ஒரு பாட்டம் திட்டித் தீத்தா, அப்பதான் தெரிஞ்சது. அவ எங்க வீட்டுக்கு வந்து செஞ்சதுக்கு நானும் கத்தியிருக்கேன். அப்படியே ஒண்ணொண்ணாத் தெரிஞ்சது."

"எல்லாம் தெரிஞ்சு முடிஞ்சிட்டா?"

"எங்கம்மா முடிய! போன மாசம்தான இத்தனை கூத்தும் நடந்தது."

இசக்கியம்மை சிரித்தார். வாய்விட்டு, தோப்பே கேட்கிற மாதிரி சிரித்தார். சிரித்து முடித்து, இன்னொரு மட்டையை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"டெல்லியில உங்ககிட்ட யாரு கோவிச்சா?"

ஆவுடையப்பன் பதில் சொல்லப் போனார். சொல்ல ஒரு பேரும் வரவில்லை. ஹாஸ்டல் அறையை யோசித்தார். மெஸ்ஸை யோசித்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பையனின் முகம் கூட இப்போது ஞாபகம் இல்லை.

"யாரும் கோவிக்கலைம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலை. நானும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலை. ஒரு நாள் பொட்டியக் கட்டுனேன். எங்க போறன்னு கேக்கவும் ஆள் இல்ல."

இசக்கியம்மை மட்டையைக் குவியலில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"நார்வேயில யாராவது உங்ககிட்ட கோவிச்சா, பயந்துராதிய அண்ணாச்சி. இங்கயும் நமக்கு ஆள் கெடைச்சிட்டுன்னு வடிவுக்கு ஒரு போன் போடுங்க."